கூடுகள் இருந்த கணினி

ஹிஸ்கே ரீப்மா எதைத் திறப்பதற்கு முன்னாலும் கை கழுவுவாள். பால் பவுடர் ஆலையில் இருபத்தெட்டு வருடமாகப் பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்து வந்த பழக்கம் அது. வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஒன்று நடந்து, பெரிய சண்டை இல்லாமல் முடிந்தும் போனது. படகைக் கணவர் எடுத்துக்கொண்டார், வீட்டை இவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அதில் திருப்திதான்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலையில் ஊர் மன்றத்தில் பழுது பார்க்கும் கூட்டம் நடக்கும். ரொட்டி சுடும் பெட்டி, தையல் இயந்திரம், சைக்கிள் என்று ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காசு கிடையாது. காப்பி உண்டு, காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட் உண்டு, பிறகு டப்பா மூடப்படும். பொருளைக் கொண்டுவந்தவர் அதை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட முடியாது. கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. கணினிகள் ஹிஸ்கேயின் மேசைக்கு வரும். சும்மா எதற்கு இந்த வேலை என்று யாராவது கேட்டால், "வீட்டுல உட்கார்ந்து என்ன பண்றது?" என்பாள். அது பாதி உண்மைதான். செத்தது என்று மற்றவர்கள் முடிவு கட்டிய ஒன்று தன் கையில் உயிர் பெறுவது அவளுக்குப் பிடிக்கும். அதை நாலு பேர் பார்ப்பது இன்னும் பிடிக்கும்.

அந்த மே மாதச் சனிக்கிழமை அவள் எதிரில் வந்து உட்கார்ந்தவர் ரொம்மர்ட். வயது அறுபத்தெட்டு. ஊரின் புல்வெளிகளில் தரையிலேயே கூடு கட்டும் ஆள்காட்டிக் குருவிகளும் கருவால் மூக்கன் பறவைகளும் எங்கே முட்டையிட்டிருக்கின்றன என்று தேடிக் குறித்து வைப்பவர். புல் வெட்டும் நாளன்று காலையில் போய் ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் குச்சி நடுவார், வெட்டும் வண்டி குச்சியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். முன்கூட்டியே நட்டு வைக்க முடியாது. காக்கைகள் குச்சியைப் பார்த்தே கூட்டைக் கண்டுபிடித்துவிடும். அதனால் வெட்டு நாள் வரைக்கும் கூடுகள் எல்லாம் ரொம்மர்ட்டின் கணினியில்தான் இருக்கும்.

வேறெங்கும் இருக்காது. முட்டை திருடுகிறவர்கள் பற்றிய பயம் அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை பற்றிய பயத்தைவிடப் பெரியது. காகிதத்தில் எழுத மாட்டார். கைபேசியில் ஏற்ற மாட்டார். கணினிக்குக் கடைக்காரர் ரகசியப் பூட்டுப் போட்டு, அந்தப் பூட்டுக்கான நாற்பத்தெட்டு இலக்க மாற்றுச் சாவியை அச்சடித்துக் கொடுத்தபோது அதையும் கணப்பில் போட்டு எரித்துவிட்டவர். இந்த எரித்த கதை அன்றைக்குப் பகல் வரைக்கும் ஹிஸ்கேவுக்குத் தெரியாது.

"ரொம்ப மெதுவா இருக்கும்மா. ஆன் பண்ணிட்டு, பல் தேய்ச்சுட்டு வந்தா அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கு" என்றார்.

"ஹார்ட் டிஸ்க், அதான் உள்ளே இருக்கற தட்டு, பழசாயிடுச்சு. புதுசா வேகமானது ஒண்ணு போட்டுடலாம். உள்ளே இருக்கறதை அப்படியே காப்பி பண்ணிடறேன், ஒண்ணும் போகாது."

"நீ படிச்சுடுவியா?"

"உங்க பறவைங்க எங்க படுத்தா எனக்கென்ன?"

காப்பி எடுக்கும் சின்னப் பெட்டியில் பழைய தட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் செருகினாள். பூட்டோடு சேர்த்து அச்சுப் பிசகாமல் நகல் எடுக்கும் பெட்டி அது. ஒன்றரை மணி நேரம் விளக்குகள் மினுக்கின. ரொம்மர்ட் நாற்காலியை விட்டு அசையவில்லை, மூத்திரத்துக்குக்கூடப் போகவில்லை. நகல் முடிந்ததும் ஹிஸ்கே கணினியின் பெரிய மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முறைப்படி புதிய தட்டை உள்ளே பொருத்தித் திருகுகளை முடுக்கினாள்.

"அந்தப் பழசு?" என்றார் ரொம்மர்ட்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"வேண்டாம். இப்பவே, என் கண்ணு முன்னாடி ஓட்டை போடு."

பக்கத்து மேசையில் சைக்கிள் பார்க்கும் வீட்சேயிடம் துளையிடும் இயந்திரம் இருந்தது. பழைய தட்டுகளைத் துளைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம்தான், ஆனால் புதியது ஓடுவதைப் பார்த்த பிறகு. ஹிஸ்கேயே வைத்த விதி அது. அன்றைக்கு ரொம்மர்ட் எழுந்து நின்றுகொண்டு தட்டையே முறைத்துக்கொண்டிருந்தார். வரிசையில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நகல் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. அது போதாதா? அவள் தட்டை வீட்சேயிடம் நீட்டினாள். அவன் மூன்று இடத்தில் துளைத்து, உலோகத்தூளை ஊதிவிட்டு, ரொம்மர்ட்டின் கையில் கொடுத்தான். ரொம்மர்ட் அதைத் தூக்கிப் பிடித்து, துளை வழியாக ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திருப்தியானார்.

பிறகுதான் ஹிஸ்கே கணினியை ஆன் செய்தாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்தது. தொடங்குவதற்கு எந்தத் தட்டும் இல்லையாம்.

அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அணைத்தாள், திறந்தாள், தட்டை எடுத்துத் திரும்பப் பொருத்தினாள். மறுபடி அதே வரி. அந்த நேரம் பார்த்து ரொம்மர்ட்டின் கைபேசி அடித்தது. கூப்பிட்டவர் விவசாயி கோசே. அவருடைய குரல் மூன்று மேசைக்குக் கேட்டது.

"ரொம்மர்ட், நாளையிலேருந்து மழையாம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது. வெட்டற வண்டியை இன்னைக்கே வரச் சொல்லிட்டேன். ஒன்றரைக்கு. குச்சி நட்டுடு."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். ஏன், உடம்பு சரியில்லையா?"

ரொம்மர்ட் கைபேசியை மேசையில் வைத்தார். இருபத்திரண்டு ஹெக்டேர், இருபத்தாறு கூடு. நாலைந்து மனதில் இருந்தது. மற்றதெல்லாம் வாய்க்காலிலிருந்து இத்தனை அடி, வேலியிலிருந்து இத்தனை அடி என்று கணினிக்குள்ளே இருந்தது.

வீட்சே எட்டிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் ஹிஸ்கேயுடன் படித்தவன். "ஏய், துளைக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் ஓட்டிப் பார்த்தே இல்ல?"

"உன் சைக்கிளைப் பாரு" என்றாள்.

கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பக்கத்துக்குப் போனாள். புதிய தட்டின் பெயர் அங்கே இருந்தது. ஆக, இணைப்பில் கோளாறு இல்லை. தட்டைக் கணினி பார்க்கிறது, ஆனால் அதிலிருந்து தொடங்க மறுக்கிறது. ஏன்? நாற்பது நிமிடம் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் உருட்டினாள். ஆலையில் இயந்திரப் பட்டை நின்றுபோனால் பொட்டலம்தான் வீணாகும்.

மணி பன்னிரண்டு தாண்டிய பிறகுதான் கண்ணெதிரே இருந்தது கண்ணில் பட்டது. பக்கத்தின் மூலையில் தேதி. பத்து வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று.

"உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கு. அது என்னைக்கோ செத்துப்போச்சு" என்றாள். "பெரிய பேட்டரி இருந்ததால தெரியல. நான் அதைக் கழட்டினதும் மெஷின் எல்லாத்தையும் மறந்துடுச்சு. தட்டை எந்த முறையில படிக்கணும்கிறதையும்தான்."

"மறந்ததை ஞாபகப்படுத்து."

தட்டைப் படிக்கும் முறையை மாற்றினாள். திரை நீலமானது. நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கேட்டது.

"அந்தச் சீட்டு எங்கே?"

ரொம்மர்ட் துளைத்த தட்டைத் தடவிக்கொண்டே, "எரிச்சுட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"யாராவது பார்த்துட்டா?"

ஹிஸ்கே அவரைத் திட்டவில்லை. திட்டும் யோக்கியதை தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் இதே சாவியைத்தான் கேட்கும். இந்தக் கணினிக்குள்ளே, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே எல்லாம் இருந்தால் மட்டும்தான் கேட்காமல் திறக்கும். அப்படியென்றால் இன்னும் ஏதோ ஒன்று முன்பிருந்த மாதிரி இல்லை. திரும்பவும் அந்தப் பக்கம். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். மன்றத்தில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு ஒன்று அணைந்து கிடந்தது. அதை இயக்கிவிட்டு, அமைப்பைச் சேமித்தாள்.

கணினி திறந்தது. பல் தேய்க்க நேரமில்லாத வேகத்தில் திறந்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

ரொம்மர்ட் சைக்கிளில் வந்திருந்தார். ஹிஸ்கேயின் காரில் போனார்கள். குச்சிக்கட்டு அவர் வீட்டுக் கொட்டகையிலிருந்து பின்சீட்டுக்கு ஏறியது. வழியெல்லாம் அவர் கணினியை மடியில் வைத்து, திரையை அவள் பக்கம் திரும்பாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோசேயின் நிலத்தில் வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய நிலம் சீக்கிரம் முடிந்ததால் ஓட்டுநர் முன்னதாகவே வந்துவிட்டான். கோசே வீட்டுக்குள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் மூன்று சுற்று வெட்டியாகிவிட்டது. ஹிஸ்கே கார் கதவைக்கூடச் சாத்தாமல், இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு வண்டிக்கு நேராக ஓடினாள். வண்டி நின்றது.

தனியாகச் செய்தால் சாயந்திரம் ஆகிவிடும். வேறு வழியில்லாமல் ரொம்மர்ட் முதல்முறையாகத் தன் பட்டியலை இன்னொருவருக்கு உரக்கப் படித்தார். "ஒன்பதாம் கூடு. வாய்க்கால்லேருந்து நாற்பத்திரண்டு அடி நட. பார்த்து வை காலை!" ஹிஸ்கே நடந்து எண்ணிக் குச்சி நட்டாள். தலைக்கு மேலே ஆள்காட்டிகள் கத்திக்கொண்டு பாய்ந்தன. ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்து குச்சி.

நான்காம் எண் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. கருவால் மூக்கன், நாலு முட்டை. அங்கே வெட்டிய புல்தான் வரிசையாகக் கிடந்தது. ரொம்மர்ட் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். ஓடுகளும் மஞ்சள் கருவும் மண்ணோடு சேர்ந்திருந்தன. தாய்ப்பறவை அடிபடவில்லை. எதிர்க்கரை வேலிக்கம்பில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது.

ரொம்மர்ட் ஹிஸ்கேயின் கார் பானெட்டின் மேல் கணினியை வைத்துப் பட்டியலைத் திறந்தார். ஹிஸ்கே பக்கத்தில் நின்றாள். இப்போது அவர் திரையை மறைக்கவில்லை.

"அழிஞ்சதுக்குக் காரணம் போடணும். நரி, காக்கை, மாடு, வெட்டு. வெட்டுன்னு போடட்டுமா?"

"வெட்டினவன் மேல தப்பில்ல. குச்சி இருந்திருந்தா சுத்திப் போயிருப்பான்."

"அப்போ என்ன போட?"

ஹிஸ்கே வாய்க்காலைப் பார்த்தாள். "துளைக்கறதுக்கு முன்னாடி நான் ஓட்டிப் பார்த்திருக்கணும். பார்க்கல. பழைய தட்டு முழுசா இருந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல திரும்ப மாட்டிப் பட்டியலை எடுத்திருக்கலாம்னு நினைச்சு, தப்பை ஒத்துக்க முடியாமத்தான் காலையிலேருந்து வாயை மூடிக்கிட்டிருந்தேன். மெஷினே மறந்துபோனதால பழசும் அப்படித் திறந்திருக்காதுன்னு பாதியிலயே தெரிஞ்சுபோச்சு. ஆனா துளைக்கும்போது எனக்கு அது தெரியாது. அந்தச் சின்ன பேட்டரியையும் முதல்லயே பார்த்திருக்கணும். ஹிஸ்கேன்னு போடுங்க."

அட போம்மா, துளைக்கச் சொன்னது நான்தானே என்று அவர் சொல்வார் என ஒரு கணம் எதிர்பார்த்தாள். ரொம்மர்ட் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"குடும்பப் பேரும் வேணுமா?" என்று கேட்டார்.

"போடுங்க" என்றாள் ஹிஸ்கே.

போட்டார்.