குசினித் தரைக்கு அடியில் கிடந்த கை

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில் நாங்கள் வாங்கிய பழைய மரவீட்டின் குசினியில், அடுப்படி வரைக்கும், லினோலியம் என்கிற தடித்த தரைவிரிப்பு போட்டிருந்தது. ஓரமெல்லாம் கிழிந்து, நடந்தால் கால் தடக்கும். ஒரு சனிக்கிழமை காலை, புதிது போடுவோம் என்று இவர் அதைச் சுருட்டத் தொடங்கினார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னறையில் இருந்தேன்.

காரணம் இருந்தது. இங்கிருந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களுக்கென்று மாதம் ஒருமுறை ரோனியோவில், கையால் சுற்றிப் படியெடுக்கிற மெஷினில், ஒரு தாள் அடிப்போம். அதில் பிள்ளைகளுக்கான சித்திரக்கதை என் பொறுப்பு. ஒரு அக்கா, ஒரு தம்பி, நாலு கட்டம். படத்தில் எனக்குக் கை மட்டும் கீறவே வராது. ஆகவே இருவரையும் எப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வைத்தேன். நாலு மாதம் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தக் கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில், ஒரு சின்னப் பெட்டை எல்லார் முன்னாலும் கேட்டாள்: “அன்ரி, உங்கட பிள்ளையளுக்கு ஏன் கையில்லை?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த தாளுக்கான படத்தை ஞாயிற்றுக்கிழமை கொடுக்கவேண்டும். இனிமேல் கீறமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிடுவதாக முடிவெடுத்திருந்தேன்.

“ஐயோ, இஞ்ச ஓடி வாரும்!” என்றார் இவர்.

லினோலியத்துக்கு அடியில் முழுக்கப் பத்திரிகைகள். இந்த நாட்டில் தரைக்கு மெத்தையாகப் பழைய பேப்பரை விரித்துவிட்டுத்தான் லினோலியம் போடுவார்களாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? தவறிப்போய் ஒரு துண்டுக் காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆட்கள் நாங்கள். ஒரு வருடமாகச் சரஸ்வதியின் மேல் நின்று தோசை சுட்டிருக்கிறேன்! இவர் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புதியதை அதன் மேலேயே போடுகிற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு தாளாக எடுக்க வேண்டியதுதான்.

அப்படி எடுத்தபோதுதான் அவர்களைக் கண்டேன். தெருப்பிள்ளைகள் மூவரும் ஒரு ஆடும் வருகிற சித்திரக்கதை. அப்போதும் ஞாயிற்றுப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் பந்து பிடிப்பதையும் மரம் ஏறுவதையும் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். விரல் ஒவ்வொன்றும் அவ்வளவு உயிரோடு இருக்கும்.

மேலடுக்குக்குக் கீழே இன்னொரு லினோலியம், அதற்கடியில் இன்னும் பழைய பேப்பர். பிறகும் ஒன்று. கீழே போகப் போகப் பிள்ளைகளின் தலை பெருத்தது, கால் குச்சியாகியது. மூத்தவளுக்கு முதல் கட்டத்தில் ஒரு முகம், மூன்றாவதில் வேறு முகம். ஆட்டை நாய் என்றே நினைத்தேன். ஆனால் மூலையில் அதே ஆளின் கையொப்பம். கடைசித் தாள், நான் பிறக்க முன்னர் அச்சானது, பலகையோடு ஒட்டிக் கிடந்தது. கத்தியால் மெல்லக் கிளப்பினேன். சின்னவனின் கைகள் காற்சட்டைப் பைக்குள். மூத்தவளின் கைகள் முதுகுக்குப் பின்னால். மற்றப் பெடியன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். நாலு கட்டத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு கைகூட இல்லை.

இந்த மனுசனுக்கும் வராமல் இருந்திருக்கிறது! அதை ஒளித்து ஒளித்து, கிழமைக்குக் கிழமை ஊரே பார்க்கக் கீறியிருக்கிறார். முதல் கை எப்போது வெளியே வந்தது என்று தாள்களைப் பரப்பித் தேடினேன். நடு அடுக்கில் கிடைத்தது. சின்னவன் ஆட்டுக்குப் புல் நீட்டுகிறான். கையா அது? கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பார்த்தவர்கள் கட்டாயம் சிரித்திருப்பார்கள். அடுத்த கிழமையும் கை வெளியேதான் இருந்தது. சாமி கும்பிடுகிறவளைப் போல அந்தத் தூசிக்குள் முழங்காலில் இருந்தேன். அப்படியொரு துணிவை நான் அதுவரை கண்டதில்லை.

“பசிக்குதப்பா,” என்றார் இவர்.

“கொஞ்சம் பொறுங்கோ,” என்றுவிட்டு ரோனியோவுக்கான மெழுகுத்தாளை எடுத்தேன். அதில் கீறினால் அழிக்கேலாது. தம்பி மரத்தில் இருக்கிறான். அக்கா கீழே நின்று அவனை இறக்கக் கையை நீட்டுகிறாள். மூச்சை அடக்கிக்கொண்டு விரல் விரலாகக் கீறினேன்.

மறுநாள் புறப்படும்போது இவர் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இஞ்சேரும், பிள்ளைக்கு ஆறு விரல்.”

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

“இருக்கட்டும்,” என்றேன். “கையை வெளியில விட்டிட்டன். இனி உள்ள எடுக்கமாட்டன்.”