காதில் மாட்டுவதற்கு எதற்கு அழகு?

என் பழைய ஹெட்போன் நன்றாகத்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் காது மெத்தைதான் உரிய ஆரம்பித்தது. தோல் போலத் தெரிந்தது வெறும் பிளாஸ்டிக் பூச்சு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கறுப்புச் செதில்கள் காதிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு கல்யாணத்துக்குப் புதுப்புடவை கட்டிக் கிளம்பி நின்றபோது என் கணவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன, மொகத்துல மிளகுப் பொடி தூவி வச்சிருக்க?"

அன்றைக்கே புது ஹெட்போன் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் பிழைப்பே காதில்தான். புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து வெளியிடும் ஒரு சென்னை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். யாரோ வாசித்ததை நான் மறுபடி முழுக்கக் கேட்டு, எங்கே ழகரம் வழுக்கியது, எங்கே பக்கம் புரட்டிய சத்தம் விழுந்தது, எங்கே வாயில் எச்சில் சொடுக்கியது என்று குறித்து அனுப்ப வேண்டும். கொடைக்கானலில் இந்த வேலைக்கு ஏற்ற நேரம் விடியற்காலை. சுபுஹு தொழுகை முடிந்ததும் உட்கார்ந்துவிடுவேன். வெயில் ஏறிவிட்டால் சுற்றுலா வண்டிகளின் ஹாரன் சத்தத்தில் எதுவும் கேட்காது.

என் கணவருக்கு பஜாரில் கம்பளி உடைக் கடை. ஸ்வெட்டர், சால்வை, மப்ளர், குல்லா. அவர் எந்தப் பொருளையும் கண்ணால் பார்க்கும் முன் விரலால் பார்த்துவிடுவார். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்தால்தான் அவருக்கு அது பொருள். புது ஹெட்போன் விஷயத்தில் எங்களுக்குள் முதல் நாளிலிருந்தே பேதம். "காதுல மாட்டுறதுக்கு எதுக்கு மச்சான் அழகு? சத்தம் சுத்தமா கேட்டாப் போதும்" என்பது என் கட்சி. "நாள் பூராத் தலையில வச்சிருக்கப்போற சாமான். பாக்கவும் தொடவும் நல்லாருக்க வேணாமா?" என்பது அவர் கட்சி.

அந்தச் சமயத்தில்தான் அவர் கடைக்கு வழக்கமாக மப்ளர் வாங்க வரும் பல் டாக்டர், ஊரைக் காலி செய்துகொண்டு மதுரைக்குப் போகப்போவதாகச் சொன்னார். அவர் மனைவிக்கு மூட்டு வலி, மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் இருந்த பாட்டுக் கேட்கும் கருவிகளில் பாதியை விற்றுவிடுவது என்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள். அதில் இரண்டு உயர்தர ஹெட்போன்களும் உண்டு. "ஒங்க வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க பாய். கேட்டுப் பாத்துப் பிடிச்சா எடுத்துக்கட்டும்" என்றாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். சரிவில் இருந்த பழைய வீடு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பனி கண்ணாடி வரை வந்து நின்றிருந்தது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசையை ஒதுக்கி, அதன் மேல் இரண்டு ஹெட்போன்களையும் வைத்திருந்தார் டாக்டர்.

ஒன்று சாம்பல் நிறம். காது வைக்கும் கிண்ணங்களின் வெளிப்பக்கம் திறந்து, கம்பி வலை போட்டிருந்தது. தலைக்கு மேல் வரும் பட்டை வெறும் உலோகத் தகடு. ஏதோ மெஷினிலிருந்து கழன்று விழுந்த பாகம் மாதிரி இருந்தது. மற்றொன்று மரக் கிண்ணம். தேன் நிறத்தில் ரேகை ஓடிய வழவழப்பான மரம், ஆட்டுத்தோல் மெத்தை, ஓரத்தில் மெல்லிய பித்தளை வளையம். என் கணவரின் கை அதன் மேல் போனது. பிறகு திரும்பி வரவே இல்லை.

"பாய், அழகப் பாத்து மயங்காதீங்க" என்றார் டாக்டர். "இதுல லுக்ஸ் எல்லாம் சும்மா. காதுக்கு மரமும் தெரியாது, பித்தளையும் தெரியாது. இத்தன வருஷம் பல்லு பாத்தேன். பல்லுன்னா கடிக்கணும், அவ்வளவுதான்."

தேநீர் கொண்டு வந்த அவர் மனைவி தட்டை வைத்துக்கொண்டே கேட்டார். "அப்பறம் ஏன் வந்தவங்க எல்லாம் வெள்ளையாக்கிக் குடுங்கன்னு ஒங்க கிளினிக் வாசல்ல நின்னாங்க?"

டாக்டர் தேநீரில் ஊத ஆரம்பித்துவிட்டார்.

அந்த அக்காதான் மரக் கிண்ணத்தின் கதையைச் சொன்னார். கடையில் வாங்கும்போது அதில் வேறு கிண்ணம் இருந்ததாம். ஒரு நாள் கைதவறி விழுந்து உடைந்துவிட்டது. அந்த மழைக்காலத்தில் தோட்டத்துப் பேரிக்காய் மரம் ஒன்றும் காற்றில் சாய்ந்துவிட, அக்கா அதில் ஒரு துண்டை எடுத்துப் போய் ஊருக்குள் ஒரு மரக்கடைசல் பட்டறையில் கொடுத்து, அதே அளவுக்குக் கிண்ணம் கடைந்து வாங்கி வந்துவிட்டார்.

"வந்ததும் இவர் என்ன சொன்னாரு தெரியுமா? சத்தம் மாறிப்போச்சாம். ஒரு வாரம் மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாரு."

"மாறத்தானே செஞ்சுது?" என்றார் டாக்டர்.

"மாறுச்சுல்ல? அப்ப காதுக்கு மரம் தெரியுதுல்ல?"

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். டாக்டரும்தான். அவர் இரண்டு பெட்டிகளையும் என் பக்கம் தள்ளினார். "ஒரு வாரம் ரெண்டையும் வீட்டுல வச்சுக் கேளும்மா. மெத்தையக்கூட மாத்தி மாத்தி மாட்டலாம், அளவு ஒண்ணுதான். எது ஒன் வேலைக்கு ஆகுதோ அத எடுத்துக்க" என்று, மெத்தையைக் கழற்றி மாட்டும் விதத்தையும் காட்டிக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் மரக் கிண்ண ஹெட்போனை எடுத்தேன். அழகு வேண்டாம் என்று சொன்னவள் எதற்கு முதலில் அதை எடுத்தேன் என்று இன்று வரை என் கணவர் கேட்கிறார். தோல் மெத்தை முதலில் சில்லென்று இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் காதின் சூட்டை வாங்கிக்கொண்டது. தலைப்பட்டைக்கும் தோல் உறை இருந்ததால் என் முக்காட்டின் மேல் அசையாமல் உட்கார்ந்தது. அன்று எனக்கு வந்திருந்தது ஒரு நாவல். வாசித்தவருக்கு அடித்தொண்டைக் குரல். அது அந்த மரத்துக்குள்ளிருந்து வெல்லப்பாகு மாதிரி வந்தது. கதையில் வரும் கடல், கப்பல், கப்பலில் ஏறத் தயங்கி நிற்கும் ஒரு மனிதன். நான் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். அத்தியாயம் முடிந்தபோது ஒரு பிழைகூடக் குறித்திருக்கவில்லை.

சுத்தமாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டேன். மாலையில் நிறுவனத்திலிருந்து போன். "மேடம், அந்த அத்தியாயம் முழுக்க வாய்ச் சொடுக்கு கேக்குதே, நீங்க கவனிக்கலையா?" என்று கேட்டாள் அங்கே வேலை பார்க்கும் பெண். திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த விடியலில் அதே அத்தியாயத்தைக் கம்பி வலையில் கேட்டேன். உலோகப் பட்டை தலையில் பட்டதும் பனிக்கட்டியை வைத்தாற்போல் இருந்தது. தோள் வரை சிலிர்த்தது. முக்காட்டின் மேல் வழுக்கி வழுக்கிப் பின்னால் போனது. ஆனால் கேட்டதோ! பாகு இல்லை, மினுக்கல் இல்லை. அந்த மனிதர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. உதடு பிரிவது கேட்டது. நாற்காலி முனகியது கேட்டது. கப்பல் புறப்படும் இடத்தில், அவர் குரல் உணர்ச்சியில் தழுதழுக்கும் அந்த நேரத்தில், தெளிவாக அவர் வயிறு உறுமியது. பாவம், சாப்பிடாமல் வந்து வாசித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதற்குள் உள் அறையிலிருந்து என் கணவர் போர்வையோடு எழுந்து வந்து நின்றார்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள யாரோ ஒரு ஆளு குசுகுசுன்னு பேசுறான். நான் பாட்டுக்குப் படுத்துக் கெடக்கேன்."

கம்பி வலை வழியாகச் சத்தம் வெளியிலும் கசிகிறது. அவருக்கு விளக்கிச் சொல்லி, ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, வயிறு உறுமும் இடத்தைப் போட்டுக் காட்டினேன். ஒரு கணம் முழித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். "இன்னொரு தரம் போடு" என்றார். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க அவர் வெள்ளனே எழுந்து வந்துவிட்டார். நான் இருமல், தும்மல், தூரத்துக் காக்கை என்று எதைக் கண்டுபிடித்தாலும் அவருக்கும் ஒரு தரம் காட்ட வேண்டும். கடை திறக்கும் நேரம் வந்தாலும் கிளம்ப மாட்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மரத்தின் ஆட்டுத்தோல் மெத்தையைக் கழற்றிக் கம்பி வலையில் மாட்டினேன். காதுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் குரல் கனத்துப்போய்விட்டது. கீழ்ச்சத்தம் ஊதிக்கொண்டு, நுணுக்கமெல்லாம் அதற்கு அடியில் போய்விட்டது. வயிற்றைத் தேடினேன், இருக்கிற இடம் தெரிந்ததால்தான் கேட்டது. கம்பி வலையோடு வந்த துணி மெத்தையைத் திரும்ப மாட்டியதும் மனிதர் பசியோடு திரும்பி வந்துவிட்டார். விரல் தடிமன் உள்ள ஒரு மெத்தையின் தோலும் துணியும் இவ்வளவு செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை. பொருள் வேறு, சத்தம் வேறு என்று இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தேனே என்று எனக்கே வேடிக்கையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் டாக்டரின் பார்வை என் கையிலிருந்த பைக்குத்தான் போனது.

"எது?" என்றார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"சாம்பல் கலருதான் டாக்டர். என் வேலைக்கு அதான் சரி."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், எதிரில் இருந்த கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. மரத்தை என் கையிலிருந்து வாங்கி, சட்டைக் கையால் துடைத்து, பெட்டியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு வாரமா இந்த மனுசன் படுத்துன பாடு இருக்கே" என்றார் அக்கா. "அவங்க அத எடுத்துட்டா என்ன பண்றது, எடுத்துட்டா என்ன பண்றதுன்னு. விக்க வேண்டாம்னு வச்சுக்கலாமேன்னா, இல்ல, பேசிட்டோம், பேச்சு மாறக் கூடாதாம்."

"லுக்ஸ் எல்லாம் சும்மான்னீங்களே டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார்.

"லுக்ஸுக்காக இல்ல பாய். அந்த மரம் எங்க தோட்டத்துல பூத்து நிக்கும்போது நீங்க பாக்கல" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுக் கொஞ்சம் சிரித்தார்.  அக்கா அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போய், ஒரு தட்டு நிறைய பிளம்ஸ் பழம் கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தார்.

அப்படி வந்ததுதான் என் சாம்பல் நிற ஹெட்போன். சத்தம் சரி, சில்லிப்பும் வழுக்கலும் அப்படியேதான் இருந்தன. சில நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டுவதைப் பார்த்த என் கணவர், ஒரு மாலை கடையிலிருந்து வரும்போது சின்னத் துணிச்சுருள் ஒன்றைக் கொண்டு வந்தார். மென்மையான கம்பளி. மாதுளை முத்தின் நிறம். காது மெத்தையைத் தொடவே இல்லை. தலைப்பட்டையை மட்டும் அளந்து, வெட்டி, அடியில் ஒரு மெல்லிய பஞ்சு வைத்து, உள்பக்கம் தையல் மறைய உறை தைத்துப் போட்டார். நடுநடுவே விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மாட்டிப் பார்த்தேன். குளிரவில்லை. வழுக்கவில்லை. சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் வேலை முடிந்து கழற்றி மேசையில் வைத்தபோது, பனி மூடிய அந்தச் சாம்பல் காலையில், சாம்பல் நிற ஹெட்போனின் உச்சியில் அந்த மாதுளைச் சிவப்பு தனியாகத் தெரிந்தது. பார்க்கப் பார்க்க மனசுக்கு நன்றாக இருந்தது. அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தேன். கதவருகே நின்று என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகா இருக்குன்னு சொல்லித் தொலையேன்."

"அழகாத்தான் இருக்கு மச்சான்."

மதுரைக்குக் கிளம்பும் முன் சொல்லிக்கொண்டு போக டாக்டரும் அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காலைச் சாப்பாடு முடித்து எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது டாக்டர் மெல்ல எழுந்து என் மேசைப் பக்கம் போனார். ஹெட்போனை எடுத்தார். உறையைத் தடவினார். தலையில் வைத்துப் பார்த்தார். அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தும் கொண்டார்.

"பாய், இதே மாதிரி எனக்கும் ஒண்ணு தச்சுத் தர முடியுமா? ஊருக்குப் போறதுக்குள்ள, வெரசா?"

"ஒங்களோடதுலதான் தோல் உறை இருக்கே டாக்டர். அதுவும் மதுர வெயிலுக்குக் கம்பளி எதுக்கு?"

"குளிருக்குக் கேக்கல" என்றார் டாக்டர், எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல். "பாக்க நல்லாருக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் எழுந்து போய்த் துணிப்பெட்டியைத் தூக்கி வந்து நடுவீட்டில் கவிழ்த்தேன். பச்சையா, மஞ்சளா, தேன் நிற மரத்துக்கு எது பொருந்தும் என்று நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். டாக்டர் அடர்நீலம் என்றார். என் கணவர் அந்த நீலம் நாளாவட்டத்தில் வெளுக்கும் என்றார். அக்கா இலைப்பச்சைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அன்று கடை திறக்கவே இல்லை.