கான்கிரீட் ஊத்தலாமான்னு என்கிட்டதான் கேக்கணும்

வீட்டு அஸ்திவாரத்துக்கு கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி சிட்டி இன்ஸ்பெக்டர் பாத்து ஓகே சொல்லணும். வர்ற வரைக்கும் எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க, வந்தப்புறம் ஒருத்தருக்கும் பிடிக்காது. டல்லாஸ் பக்கம் அந்த இன்ஸ்பெக்டர் நான்தான். பொம்பளைங்கறதால மீட்டிங்ல உங்களை மட்டும் நோட்ஸ் எடுக்கச் சொல்றாங்களா? வாங்க, நீங்க நம்ம கட்சி. அடுத்த சைட்டுக்குப் போறதுக்குள்ள கார்லயே உக்காந்து டைப் பண்றேன்.

முதல் மரியாதை

மொத வாரம், பக்கத்துல காப்பெல்ங்கற ஊர்ல ஒரு சைட். அங்க எல்லாம் பில்டரோட சூப்பர்வைசர் ரே சொல்றதுதான், நல்ல உயரமான டெக்சஸ்காரர். ஹெல்மெட், பூட்ஸ், கழுத்துல பேட்ஜ் சகிதமா முன்னாடி போய் நிக்கறேன். மனுஷன் என் தலைக்கு மேல ரோட்டைப் பாத்துக்கிட்டே அன்பாதான் சொன்னார்: "வீடு வாங்க வந்தியாம்மா? கொஞ்சம் தள்ளி நில்லு, இன்ஸ்பெக்டர் வர்ற நேரம்."

ஸ்பீக்கர்ல ஒரு போன்

அன்னிக்கு கம்பி மண்ணைத் தொடாம தூக்கி நிறுத்தற கட்டையே கீழ வைக்கல, கம்பி மண்ணுல கிடந்தது. ஃபெயில் போட்டேன். ரே என் எதிர்லயே எங்க மேனேஜர் மார்ஷாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கர்ல வேற ஆளை அனுப்பச் சொன்னார். அவங்க சரின்னுட்டா அப்புறம் எந்த சைட்லயும் என் பேச்சு எடுபடாது. மார்ஷா பிளாக் லேடி, எனக்கு முன்னாடி இதே வேலைல இதையெல்லாம் பாத்தவங்க. குரலே உசத்தல: "ஆளை மாத்தலாம் ரே, ஆனா கம்பி அதேதானே கிடக்கும்?"

குழிக்குள்ள தேங்கா

அதே தெருவுல அடுத்த வீடு நம்மூர்க்காரங்களோடது. குழியை எட்டிப் பாத்தா மஞ்ச தடவின தேங்கா, எலுமிச்சம்பழம், பூ. காலைலயே பூஜை பண்ணிப் போட்டிருக்காங்க. தொடறதுக்கு ரேக்கு பயம். கான்கிரீட் லாரி வேற உறுமிக்கிட்டு நிக்குது.

வீட்டுக்கார ஆன்ட்டி ஓடி வந்து எந்த ஊர்னு கேட்டாங்க. மதுரைன்னதும் கையைப் புடிச்சுக்கிட்டு, இதைக் கண்டுக்காதம்மான்னாங்க. ரே என்னையேதான் பாக்கறார், நம்ம ஆளுக்கு விட்டுக் குடுக்கறேனான்னு. உள்ள தேங்கா மக்கினா அந்த இடம் பொந்தாயிடும் ஆன்ட்டி, தோட்டத்துல ஈசான மூலைல வைங்கன்னு சொல்லிட்டு ஃபெயில் போட்டேன். ஆன்ட்டி தேங்காயை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க: "நம்ம பொண்ணுன்னு சந்தோஷப்பட்டேன், நீ வெள்ளக்காரனுக்கு மேல இருக்கியேம்மா."

புது ஆள்

இந்த வாரம் வேற சைட். ரேகிட்ட புதுசா சேந்த பையன், பில்டர் ஆபீஸ் அந்தப் பக்கம்னு எனக்கு வழி காட்டினான். நான் வாயைத் தொறக்கல, அதுக்குள்ள பின்னாடியிருந்து ரே: "அவங்கதான்டா இன்ஸ்பெக்டர். போய் குழியை இன்னொரு தடவை பாரு, சாமிக்குப் போட்ட தேங்காயையே விடாதவங்க."

ஆன்ட்டி மட்டும் இன்னும் என்கூட பேசல, ஆனா எவ்வளவு நாளைக்கு, அவங்க குடி போறதுக்கு முன்னாடி வர்ற ஃபைனல் இன்ஸ்பெக்ஷனும் நான்தானே.