படியை உள்ளே வைத்தேன்

ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, புதுப்பெண்ணும் நானும் எங்கே படுப்பது என்பதுதான். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளமே தவிர, கதவு வைத்த அறை ஒன்றுகூடக் கிடையாது. மொட்டை மாடியில் அறை கட்டிவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. கொல்லைக் கிணற்றடியிலிருந்து ஒரு குறுகலான படி அதற்குப் போகும். கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்ட அறை என்று ஏற்பாடு.

பொன்மலையில் ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம். பிளான் நானே போடுகிறேன் என்று கூடத்துத் தரையில் சாக்கட்டியால் வரைந்தேன். அப்பாவும் மேஸ்திரியும் குனிந்து பார்த்தார்கள். காற்று எப்படி வரும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்று ஒரே விவாதம். திருச்சியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, படி உள்ளேர்ந்தா, வெளியேர்ந்தா?"

"உள்ளேர்ந்துதான். கொல்லைப் படியை இடிச்சுடப் போறோம். இனிமே மழைல நனையாம ஏறலாம்" என்றேன், வரம் கொடுக்கிற தோரணையில்.

"அதுவும் இருந்துட்டுப் போகட்டுமே."

"எதுக்கு, திருடன் ஏறி வரதுக்கா?"

மேஸ்திரி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். தங்கை அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்த தலை நிமிராமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மாதத்தில் அந்த மூன்று நாள் எங்கள் வீட்டுப் பெண்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது. கொல்லைப் படியில் ஏறி அந்தக் கொட்டகையில்தான் இருப்பார்கள். யாரும் வேலை ஏவ முடியாத நாட்கள் என்பதால், தங்கை பாடங்களையெல்லாம் அங்கேதான் படித்து முடிப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. அப்பா முன்னால், மேஸ்திரியையும் வைத்துக்கொண்டு, அவள் அதை எப்படி வாய்விட்டுச் சொல்லுவாள்? படியைப் பற்றித்தான் கேட்க முடியும். கேட்டாள்.

படியை இடித்தார்கள். அது இருந்திருந்தால் மாடி ஓரமாக அவளுக்கு ஒரு கீற்றுச் சாய்ப்பாவது போட்டிருக்கலாம்; புதுப் படியில் ஏற வீட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும். அதற்குப் பிறகு அந்த நாட்களில் அவளுக்குக் கொல்லையில் மாட்டுக் கொட்டில் ஓரம்தான் இடம். வெளிச்சம் கிடையாது, கொசு பிடுங்கி எடுக்கும். புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு படி கட்டுங்கள் என்று அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. படித்தவன், ஆண்பிள்ளை, எனக்கு என்ன வெட்கம்?

கல்யாணமான மறுமாதம், ஒரு சாயங்காலம், என் மனைவி மாற்றுப் புடவையோடு கொல்லையில் திகைத்து நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கொட்டிலில் தங்கை இருந்தாள். வைக்கோலை ஒதுக்கிச் சாக்கை இழுத்துப் போட்டாள்.

"இங்க வாங்கோ மன்னி. இந்தப் பக்கம் அவ்வளவா ஒழுகாது" என்றாள்.

ஒழுகுகிற பக்கத்துக்கு அவள் நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவள் என்னை நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.