சூசை மிக்கேலுக்கு ஒரு பூசை

எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று தமிழ் டீச்சர் ஆளுக்கொரு நாவலைக் கையில் திணித்தார். விடுமுறைக்குள் வாசித்து, வீட்டில் உள்ளவர்களோடு பேசி, அதை நோட்டில் எழுதி வர வேண்டுமாம். லீவிலும் நிம்மதியாக விடமாட்டார்களா என்று திட்டிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் நாளே எனக்குச் சோறு தண்ணீர் மறந்துவிட்டது.

கதை சூசை மிக்கேல் என்ற கப்பல்காரனைப் பற்றியது. போன துறைமுகத்தில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். ஊரில் அவன் தம்பி, 'அண்ணன் அடுத்த கப்பலில் வருகிறார்' என்று அண்ணியிடம் வருஷக்கணக்காகப் பொய் சொல்கிறான். அவள் அதை நம்பி, வாசல் கதவுக்குத் தாழ் போடாமலே படுக்கிறாள்.

இதை நான் வாசித்துக் காட்டியது அத்தைக்கு. அத்தை என் அப்பாவுக்கு அக்கா, எங்களோடுதான் இருந்தார். மாமா சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கப்பலில் சிக்னல் கிடைக்காது, ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள், அடுத்த கிறிஸ்துமசுக்கு வந்துவிடுவார் என்று அப்பா சொல்வார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் விஷயத்தில் அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அத்தை மாமாவுக்கு ஒரு சட்டை தைப்பார். மாமா வராததால் அது பீரோவுக்குள் போய்விடும்.

மே மாதம் அத்தைக்கு யூனிபார்ம் தைக்கும் காலம். மிஷின் சத்தத்துக்கு மேல் நான் தொண்டை கிழிய வாசிப்பேன். முக்கியமான இடம் வந்தால் மிஷின் நின்றுவிடும். சூசை மிக்கேலை நாங்கள் இருவரும் சேர்ந்து திட்டாத திட்டில்லை. அந்தத் தம்பிக்காரனை மட்டும் அத்தை திட்டவே மாட்டார். பாவம், அவனும் என்னதான் செய்வான் என்பார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒருநாள் அப்பா நிலைப்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, மனசுக்குள் வாசித்தால்தான் படிப்பு மண்டையில் ஏறும் என்று என்னைக் கடிந்துகொண்டார். அத்தை துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், வாசிக்கட்டும், தைக்கிற அலுப்புத் தெரியாமல் இருக்கிறது என்றார்.

கடைசிப் பக்கத்தில் சூசை மிக்கேல் அந்தத் தூரத்து ஊரில் தன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குச் சிரித்தபடி விருந்து வைக்கிறான். இங்கே இவள் இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது என்று முடிந்தது. நான் அழுதேன். அத்தை அழவில்லை.

“அவளுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்ளா,” என்றார். “எழுதுனவருக்குத்தான் அது தெரியல.”

புத்தகத்தில் அப்படிப் போடவில்லையே என்று நான் சண்டைக்குப் போனேன். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

அடுத்த ஞாயிறு காலை கோயிலில், பூசைக்கு முன் உபதேசியார் வழக்கம்போல், வீட்டார் எழுதிக் கொடுத்த மரித்தவர்களின் பெயர்களை வாசித்தார். மூன்றாவதாக, “மரித்த சூசை மிக்கேல் ஆன்ம இளைப்பாற்றிக்காக,” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது தவறாகக் கேட்டதோ என்று பக்கத்தில் பார்த்தேன். அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முழங்காலில் நின்றார். ஆண்கள் பக்கம் திரும்பினேன். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அத்தை கோயிலிலேயே பொய்ப் பெயரைக் கொடுத்துவிட்டாரே, சாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்துபோனேன். உயிரோடு இருக்கிறவனுக்கு இளைப்பாற்றிப் பூசை வைத்தால் அவன் செத்துப்போவானோ என்ற பயம் வேறு.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, யார் அந்தச் சூசை மிக்கேல் என்று கேட்டார். தூரத்துச் சொந்தம் என்றார் அத்தை, கண் இமைக்காமல்.

தெரு திரும்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை. “அத்தை, அவன் சாகல. கடைசிப் பக்கத்துலகூட உயிரோடதான் இருக்கான். நான் வாசிச்சேன்லா?”

“தெரியும்ளா. அவ எத்தன நாளைக்குக் கதவுக்குத் தாழ் போடாமக் கெடப்பா? அதான் நானே முடிச்சு வச்சிட்டேன்.” பிறகு, பின்னால் வந்த அப்பாவிடம் திரும்பினார். “தம்பி, இனி அடுத்த கப்பல் கதையெல்லாம் எனக்கு வேண்டாம்.”

அப்பா செருப்பில் கல் ஏறியதுபோல் குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அவ்வளவு பெரிய கல்லா என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சூசை மிக்கேல் சிரித்தபடி விருந்து வைத்துக்கொண்டுதான் இருந்தான். அப்பாடா என்றிருந்தது.

பள்ளி திறக்கும் முன்பு அத்தை அந்தப் புத்தகத்துக்குத் துணியில் உறை தைத்துக் கொடுத்தார். நீலக் கட்டம் போட்ட புதுத் துணி. முன்பக்கத்தில் சட்டைப்பை அப்படியே இருந்தது. பேனா செருகிக்கொள்ளச் சொன்னார். இது மாமா சட்டையாயிற்றே, வந்தால் கேட்க மாட்டாரா என்றேன். அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மாமாவுக்கு வேறொரு துறைமுகத்தில் மனைவியும் மகளும் இருந்ததும், அப்பா அதை அத்தையிடம் மறைக்க அவர் பட்ட பாடும், நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தன. அந்த ஜூன் மாதம் எனக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சரின் கடைசிக் கேள்வி மட்டுமே: நாவலைப் பற்றி வீட்டில் யாரோடு பேசினாய்? அழகான கையெழுத்தில் நான் எழுதினேன்: 'என் அத்தையோடு பேசினேன். ஆனால் அவருக்குக் கதை சரியாகப் புரியவில்லை.'