பூருலின் பெயரில் இரண்டு எழுத்துகள்

கிர்கிஸ்தானின் காரகோல் நகரப் பத்திர அலுவலகத்தின் நடையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. நான் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பவன். ஜிபார் எஜே, அதாவது ஜிபார் அக்கா, கணினியில் மனு தட்டிக் கொடுப்பவள். முப்பத்தொரு வருடமாகத் தட்டுகிறாள். அவள் தட்டிய மனு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை நான் கேட்காமலே தினமும் இரண்டு தடவை சொல்லிவிடுவாள்.

அந்த வசந்தத்தில் ஒன்று திரும்பி வந்தது. பூருல் என்ற பெண், இறந்துபோன கணவனின் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு அனுப்பிய மனு. அவள் பெயரில் இரண்டு எழுத்துகள் வேறு எழுத்துருவில் இருக்கின்றன, ஆகவே பெயர் பிறகு திருத்தப்பட்டிருக்கிறது என்று அதிகாரி சூயூன்பெக் பதில் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் எஜேயின் மேசையை எடுத்துவிடுவார்களாம்.

எஜே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

“நான் தேநீர் குடிக்கப் போனப்ப என் கம்ப்யூட்டர்ல கை வெச்சியா?”

எனக்குச் சுருக்கென்றது. அவள் அனுப்பிய பிடிஎஃப் கோப்பைத் திறந்து, அதன் விவரங்களில் எழுத்துருப் பட்டியலைக் காட்டினேன். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று, எல்லோரும் இதில்தான் தட்டவேண்டும் என்று போன மாதம் அலுவலகம் உத்தரவு போட்ட புது எழுத்துரு. மற்றது எங்கே இருந்து வந்து குந்தியது என்று தெரியவில்லை. தான் போட்டது ஒன்றே ஒன்றுதான் என்று அவள் அடித்துச் சொன்னாள். நானே குழம்பிப்போனேன்.

பிறகு அவள் தட்டிய மூலக் கோப்பில் ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டி, மேலே பெட்டியில் வரும் எழுத்துருப் பெயரைப் படித்தோம். புதுசு, புதுசு, புதுசு, திடீரென்று பூருலில் இரண்டு தடவை வரும் கவைக்குச்சி வடிவ எழுத்து மட்டும் மற்றது. பூருலில் மட்டுமா? வீட்டைக் குறிக்கும் ‘ஊய்’ என்ற சொல்லிலும் அதே கவைக்குச்சி எழுத்து வேறாகத்தான் இருந்தது. இடுப்பில் கோடு கட்டிய வட்ட எழுத்தும், வால் முளைத்த ‘ங்’கும் அப்படியே. புது எழுத்துருவில் ரஷ்ய எழுத்தெல்லாம் உண்டு. எங்கள் கிர்கிஸ் எழுத்து மூன்றும் இல்லை. அந்த மூன்றையும் கணினியே இன்னொன்றிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறது.

எஜேக்கு அப்போதும் பிடிபடவில்லை.

“சொல்லாம கொள்ளாம பக்கத்து வீட்டுல போய் எடுத்துட்டு வருமா?”

வரும் என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, அதிகாரி அனுப்பிய பதிலைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். அங்கேயும் அதே இரண்டு எழுத்துருப் பெயர்கள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பதிலை அச்செடுத்து, கடைசி வரியில் இரண்டு எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதிகாரியின் முன்னால் வைத்தாள். பூருலும் நானும் பின்னால் நின்றோம்.

“சூயூன்பெக் தம்பி, இது உங்க பேரு. இதை யாரு திருத்தினாங்க?”

அவர் தன் பெயரையே விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு இடத்தில் விரல் நின்றது.

“நம்ம எழுத்தே அந்தப் புது எழுத்துருல இல்லையா எஜே?” என்றார், மெதுவாக.

பூருலின் மனுவில் முத்திரை விழுந்தது. மேசை நடையிலேயே இருக்கிறது. எஜே என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஆனால் அன்றிலிருந்து, எழுந்து போகும்போதெல்லாம் கணினியை அணைத்துவிட்டுத்தான் போகிறாள்.