எட்டிப்பார் அக்காவின் கைகள்

"ஒரு செல்லு ரெண்டாப் பிரியணும்னா, எதை உடைக்கணும்? சொல்லும்மா பாப்போம்."

கேட்டுக்கொண்டே அடுப்பிலிருந்த பாத்திரத்தின் மூடியை மறுபடியும் தூக்கினாள் அக்கா. இதை எழுதும் எனக்கு அப்போது பதில் தெரியாது.

"மூடியை வைடி முதல்ல. நீ எட்டி எட்டிப் பாத்தா அது எப்ப வேகும்?" என்றாள் அம்மா.

அக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. லிஃப்ட் வரும்வரை பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பாள். உட்கார்ந்தால் கால் ஆடும். மேசையும் சேர்ந்து ஆடும். அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'எட்டிப்பார்'.

கேள்விக்கு அவளே பதில் சொன்னாள். "சைக்ளின்னு ஒரு புரதம். பிரியற வேலையை ஆரம்பிச்சு வைக்கிறதே அதுதான். ஆனா பாதி வேலை ஆனதும் செல்லு அதுமேல ஒரு அடையாளத்தை ஒட்டிடும். ஒட்டினது நேரா செல்லுக்குள்ளயே இருக்கற அரவை மிஷினுக்குப் போயிடும். அரைபடாம நின்னுச்சுன்னா, செல்லு பாதியில மாட்டிக்கிட்டு முழிக்கும்."

"உன்னை மாதிரி" என்றாள் அம்மா.

அந்தப் புரதத்தைப் பச்சையாக ஒளிர வைத்து, அது மங்குவதைப் படம் பிடிப்பதுதான் அக்காவின் வேலை. நுண்ணோக்கியைச் சுற்றி, செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. கதவைத் திறந்தால் சூடு இறங்கும், படம் கலங்கும். அவள் திறந்தாள். அடுத்த தடவையும் திறந்தாள். "இந்த முறையும் கலங்கினா வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் சொல்லிவிட்டார்.

"பூட்டு வாங்கிட்டு வரவா? கதவுக்கா, உனக்கா?" என்றார் பக்கத்து மேசைத் தாடிக்காரர்.

"ரெண்டுக்கும் வாங்கிட்டு வாங்கண்ணா."

மறுநாள் மதியம் திரையில் ஒரு செல் பச்சையாகப் பளபளத்தது, மங்கவே இல்லை. உள்ளே சூடு குறைந்துவிட்டதோ? செல்கள் இருக்கும் தட்டில் திரவம் வற்றிவிட்டதோ? அக்காவின் கை கதவுப் பிடிவரை போனது. தாடிக்காரர் தொண்டையைச் செருமினார். கை திரும்பி வந்தது.

பச்சை மெல்ல வெளிறியது. அணைந்தது. செல்லின் இடுப்பு ஒடுங்கி, ஒன்று இரண்டானது.

"போயிடுச்சுண்ணா!" என்று கத்தினாள். எழுந்திருக்கவில்லை.

வெந்ததா வெந்ததா என்று மூடியைத் தூக்கிக்கொண்டே இருப்பவர் யாராவது உங்கள் வீட்டிலும் இருப்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: கதவுப் பிடியிலிருந்து கை திரும்பிய பிறகு, அந்த மதியம் முழுக்க அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள்.